கடற்கரையும் ஒரு பாதையே!

எல்லாப் புகழும் வானங்களையும் பூமியையும் அவற்றுக்கு இடையே உள்ளவற்றையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அகிலத்தாருக்கு அருட்கொடையாக அனுப்பப்பட்ட அண்ணல் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு என்ற நபிமொழியை ஜும்ஆ மேடையில் பலமுறை கேட்டிருப்பீர்கள். அவற்றில் மிக உயர்ந்தது ஏகத்துவக் கலிமா. ஆகக் கடைசியானது, மக்கள் நடக்கும் பாதையில் கிடந்து தொல்லை தரும் பொருளை அகற்றுவது. அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பாக முஸ்லிம் நூலில் இது பதிவாகியுள்ளது. பாதையில் கிடந்த ஒரு முட்கிளையை அகற்றிய மனிதரின் செயலை அல்லாஹ் ஏற்று, அவருடைய பாவங்களை மன்னித்தான் என்ற செய்தியும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது.

கடைசிக் கிளை என்பதால் அது அற்பமான கிளை ஆகிவிடாது. ஒரு மரத்தின் கடைசிக் கிளையும் அதே வேரிலிருந்துதான் நீரைப் பெறுகிறது. குனிந்து ஒரு முள்ளை எடுக்கும் கையும், தொழுகையில் தக்பீர் கட்டும் கையும் ஒரே ஈமானால் இயங்கும் கைதான்.

இன்று கடலோர ஊர்கள் பலவற்றில் இளைஞர்களும் மாணவர்களும் கூடிக் கடற்கரையைத் துப்புரவு செய்யும் பணியில் ஈடுபடுகிறார்கள். 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கிய அத்தகைய ஒரு முயற்சி, இப்போது ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமையன்று உலகின் பல நாடுகளில் நடைபெறுகிறது. நம் பிள்ளைகளும் பள்ளி, கல்லூரி வழியாக இதில் கலந்துகொள்கிறார்கள். இது வெறும் பொதுத்தொண்டா, அல்லது இபாதத்தாகவும் ஆகுமா? இபாதத்தாக ஆக வேண்டுமானால் அதை எப்படிச் செய்ய வேண்டும்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் நமக்கு அந்நியமன்று

பழவேற்காடு, பரங்கிப்பேட்டை, நாகூர், அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம், குளச்சல் எனத் தமிழகத்தின் நீண்ட கரையில் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர்கள் பல. மரக்கலம் செலுத்தியதால்தான் மரக்காயர் என்ற பெயர் வந்தது என்பர். முத்தும் சங்கும் மீனும் நம் முன்னோருக்குச் சோறு போட்டன. கடலை மனிதனுக்கு வசப்படுத்தித் தந்ததையும், அதிலிருந்து புத்தம் புதிய மாமிசத்தையும் அணிகலன்களையும் பெறச் செய்ததையும் அல்லாஹ் தன் அருட்கொடைகளாகத் திருமறையில் எடுத்துக் கூறுகிறான் (அல்குர்ஆன் 16:14).

நபித்தோழர்களின் வரலாற்றிலும் ஒரு கடற்கரை உண்டு. அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமையில் சென்ற முந்நூறு பேர் கொண்ட படையில், உணவு தீர்ந்து மர இலைகளை உதிர்த்து உண்ணும் நிலை ஏற்பட்டது. அப்போது கடல் ஒரு மாபெரும் மீனைக் கரையில் ஒதுக்கியது. சுமார் அரை மாத காலம் அவர்கள் அதை உண்டார்கள். மதீனா திரும்பிச் சொன்னபோது, அது அல்லாஹ் வெளிப்படுத்திக் கொடுத்த ரிஸ்க் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. அன்று கடல் கரைக்கு ரிஸ்க்கை ஒதுக்கியது. இன்று அதே கடல் கரைக்கு எதை ஒதுக்குகிறது? நாம் அதற்குக் கொடுத்த பைகளையும் புட்டிகளையும் அறுந்த வலைகளையும் நம்மிடமே திருப்பித் தருகிறது.

பாதை யாருடையது?

பாதையில் தொல்லை தரும் பொருளை அகற்றுவது பற்றிய நபிமொழியின் நேரடிப் பொருள் மனிதர் நடக்கும் பாதையே. அதில் ஐயமில்லை. ஆனால் தொல்லையிலிருந்து விடுவிக்கும் நன்மை மனிதரோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு வேறு நபிமொழிகள் சான்று பகர்கின்றன. தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குத் தம் காலுறையில் நீர் மொண்டு புகட்டியவர் மன்னிக்கப்பட்டார். உயிருள்ள ஒவ்வொரு பிராணிக்கும் செய்யும் உதவியில் நற்கூலி உண்டு என்று அப்போது அண்ணலார் விளக்கினார்கள் (நூல்: புகாரி, முஸ்லிம்). ஒரு பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடாமல் தானே தேடி உண்ணவும் விடாமல் சாகடித்த பெண் அதன் காரணமாகவே வேதனைக்கு ஆளானாள் (நூல்: புகாரி, முஸ்லிம்). இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது: ஓர் உயிரின் பாதையில் நாம் போட்ட பொருள் அதன் உயிரைப் பறிக்குமானால், அதை அகற்றுவது யார் பொறுப்பு?

கடற்கரையில் அப்படியொரு பாதை உண்டு. தை மாதம் முதல் பங்குனி வரையில், இரவு நேரத்தில், பெண் கடலாமைகள் நம் கரைகளில் ஏறி வருகின்றன. பங்குனி ஆமை என்றே நம் மீனவர்கள் இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய முழங்கை ஆழத்திற்கு மணலைப் பின்கால்களால் தோண்டி, நூறு முட்டை அளவில் இட்டு, குழியை மூடி, தன் உடலாலேயே மணலை அழுத்திச் சமப்படுத்திவிட்டு அந்தத் தாய் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. தன் குஞ்சுகளை அது காண்பதே இல்லை. அவற்றுக்குக் கதகதப்பைத் தருவது மணல். காலத்தை நிர்ணயிப்பவன் அல்லாஹ். அந்த மணலின் வெப்பநிலையைப் பொறுத்தே குஞ்சுகள் ஆணாகவோ பெண்ணாகவோ உருவாகின்றன என்பது ஆய்வாளர்கள் கண்ட உண்மை. படைத்தவன் வைத்த தராசு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு பிடி மணலே சான்று!

சுமார் 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் ஓட்டை உடைத்து, பெரும்பாலும் இரவில், ஒன்றாக மேலே வருகின்றன. தாயும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. கடற்பரப்பின் மேல் தெரியும் மெல்லிய வெளிச்சத்தை நோக்கி அவை ஓடுகின்றன. உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தக் குஞ்சுக்கு, மணல்மேட்டிலிருந்து அலைவரை உள்ள சில அடி தூரமே வாழ்வின் முதல் பாதை. அந்தப் பாதையில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் குவளை அதற்குக் கிணறு. ஒரு துண்டு நைலான் வலை அதற்குத் தூக்குக் கயிறு. கரையோரக் கட்டடங்களின் மின்விளக்கு அதைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துச் சென்று, விடிந்ததும் வெயிலில் வாட்டிவிடும். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே வளர்ந்து பெரிதாகும் என்பது ஆய்வாளர்களின் பொதுவான மதிப்பீடு. அந்த ஒன்றும் நம் குப்பையில் சிக்கி மாள வேண்டுமா?

சென்னையில் 1988 முதல் மாணவர்கள் குழுவாக இரவு நேரங்களில் கரையோரம் நடந்து, ஆபத்தான இடங்களில் உள்ள முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் வைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள். ஆயினும் 2025 ஜனவரியில் சென்னையிலும் சுற்றுவட்டாரக் கரைகளிலும் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. கடலாமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. இழுவை வலையில் நெடுநேரம் சிக்கி, நீர்மட்டத்திற்கு வர இயலாமற்போனால் மூச்சுத் திணறி மடிந்துவிடும். கடலாமையை உண்பது பற்றி மத்ஹபுகளிடையே பேசப்படும் சட்டம் ஒருபுறம் இருக்க, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் அது இடம்பெற்றுள்ளது. அதைப் பிடிப்பதும் முட்டையை எடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

நம்மைப் போன்ற சமுதாயங்கள்

பூமியில் ஊர்ந்து திரியும் பிராணிகளும், இரு சிறகுகளால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருமறை அறிவிக்கிறது (அல்குர்ஆன் 6:38). உம்மத் என்ற உயர்ந்த சொல்லின் பன்மையையே அல்லாஹ் அவற்றுக்கும் பயன்படுத்தியுள்ளான். அந்தச் சமுதாயங்களைக் காண விரும்புவோர் ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் அரை மணி நேரம் கரையில் நின்றாலே போதும்.

மணலில் வட்டமான வளைகள் தெரியும். அவற்றின் வாயிலில் கண்ணைத் தூக்கிப் பார்த்துவிட்டு நொடியில் மறையும் வெளிறிய நண்டு, கரையில் ஒதுங்கும் செத்த மீனையும் அழுகலையும் தின்று தீர்க்கும் துப்புரவுப் பணியாளர். நமக்கு முன்பே அது தன் வேலையைத் தொடங்கிவிட்டது. ஈர மணலில் கடுகும் மிளகும் போன்ற சிறு உருண்டைகள் பூக்கோலம் போலப் பரந்து கிடக்கும். மணலை வாயிலிட்டு அதிலுள்ள நுண்ணிய உணவை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை உருட்டி வைத்துவிடும் குட்டி நண்டுகளின் கைவேலை அது. காலியான சங்கைத் தன் வீடாக்கி அதைச் சுமந்து திரியும் மற்றொரு நண்டும் உண்டு. உடல் வளர வளர அது பெரிய சங்கைத் தேடிக் குடிபெயர வேண்டும். அழகான சங்குகளையெல்லாம் நாம் பொறுக்கிக்கொண்டு போய்விட்டால் அதற்கு வீடு கிடைப்பதில்லை. உலகின் பல கரைகளில் இந்த நண்டுகள் புட்டி மூடிகளை முதுகில் சுமந்து திரிவதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளார்கள்.

அலை பின்வாங்கும்போது பின்னாலேயே ஓடி, அலை வரும்போது திரும்பி ஓடிவரும் சிறு பறவைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை உள்ளான் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் கொசு உள்ளான் என்பதன் எடை சுமார் 25 கிராம்தான். அது சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கப் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து கோடியக்கரை, பழவேற்காடு போன்ற நம் கரைகளுக்கு வருகிறது. ஆகாய வெளியில் பறவைகளைத் தாங்கி நிறுத்துபவன் அல்லாஹ்வைத் தவிர வேறு யாருமில்லை என்ற மறைவசனத்தை (அல்குர்ஆன் 16:79) அந்தச் சின்னஞ்சிறு சிறகுகளைப் பார்த்தபடி நினைவுகூர்ந்தால் நம் ஈமான் புதுப்பொலிவு பெறும்.

கரையில் காணாத சமுதாயங்கள் கரைக்கு அப்பால் உள்ளன. கீழக்கரைக்கு எதிரே உள்ள அப்பாத் தீவு உட்பட, மண்டபத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகளும் கடற்குதிரைகளும் கடல் அட்டைகளும் அங்கே வாழ்கின்றன. பாக் நீரிணைப் பகுதியில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டர் பகுதி, 2022 செப்டம்பரில் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆவுளியா என்று மீனவர்கள் அழைக்கும் அந்தச் சாதுவான பிராணி, கடலடியில் வளரும் கடற்புல்லை மேய்ந்து உயிர் வாழ்கிறது. நாம் வீசும் பை அந்த மேய்ச்சல் நிலத்தில்தான் போய்ப் படிகிறது.

நம் கைகள் தேடிக்கொண்டவை

மனிதர்களின் கைகள் செய்தவற்றின் காரணமாகவே கரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றியது. அவர்கள் மீளும் பொருட்டு, தம் செயல்களில் சிலவற்றின் விளைவை அவர்கள் சுவைக்கும்படி அல்லாஹ் செய்கிறான் என்ற கருத்து சூரத்துர் ரூமில் (30:41) இடம்பெற்றுள்ளது. அந்தச் சீர்கேடு இன்று கைக்குக் கிட்டும் தூரத்தில் கிடக்கிறது. பிளாஸ்டிக் மக்கிப் போவதில்லை. வெயிலிலும் அலையிலும் உடைந்து உடைந்து பொடியாகிறது. நீரில் மிதக்கும் பை கடலாமையின் கண்ணுக்கு அதன் உணவாகிய சொறிமீனைப் போலத் தோன்றுகிறது. விழுங்கினால் குடல் அடைபட்டுவிடும். அறுந்து கடலில் விடப்பட்ட நைலான் வலை, உரிமையாளர் இல்லாமலேயே மீனையும் நண்டையும் ஆமையையும் தொடர்ந்து பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும். அந்த மீன் யாருக்கும் உணவாவதில்லை.

2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றியது. அதிலிருந்த 1,600 டன்னுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்து, இலங்கையின் மேற்குக் கரையில் மணலோடு மணலாகக் குவிந்தன. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியபோதும், அத்தகைய மணிகள் கேரளக் கரையிலும் கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் ஒதுங்கின. பயறு அளவே உள்ள அவற்றைச் சல்லடையால் சலித்துத்தான் எடுக்க முடிகிறது. ஆக, கடலின் ஒரு கரையில் நேரும் பிழை மற்றொரு கரையில் வந்து ஒதுங்குகிறது.

கப்பலைக் குறை சொல்வது எளிது. நம்மையும் சற்று விசாரணை செய்து கொள்வோம். பெருநாள் மாலையில் குடும்பத்தோடு கடற்கரைக்குச் செல்வது நம் ஊர்களின் இனிய வழக்கம். நாம் எழுந்து வந்த இடத்தில் என்ன கிடக்கிறது? பிரியாணிப் பொட்டலத்தின் மிச்சம், ஐஸ்கிரீம் கோப்பை, தண்ணீர்ப் பாக்கெட், குழந்தையின் டயப்பர். உணவு மிச்சம் மக்கிவிடும்தானே என்று சிலர் எண்ணுவர். ஆனால் அந்த மிச்சத்தைத் தேடித் தெருநாய்களும் காகங்களும் கரைக்கு வருகின்றன. வந்த நாய் ஆமை முட்டைகளையும் தோண்டித் தின்கிறது. காகம் குஞ்சுகளைக் கொத்திச் செல்கிறது. திறந்த மணலிலேயே முட்டையிடும் உப்புக்கொத்தி, ஆலா போன்ற பறவைகளின் கூடுகளும் தப்புவதில்லை. குர்பானியின் கழிவுகளை முறையாகப் புதைக்காமல் கழிமுகத்தில் கொட்டுவதும், வலீமா விருந்தின் பிளாஸ்டிக் குவளைகளை ஓடையில் தள்ளுவதும் இதே கணக்கில் சேரும். இபாதத்தின் பெயரால் கூடிய கூட்டம் பிறருக்கும் பிற உயிர்களுக்கும் தொல்லையை விட்டுச் செல்லலாமா?

நீர்த்துறைகளிலும், நடைபாதையிலும், நிழல் தரும் இடங்களிலும் மலஜலம் கழிப்பது சாபத்திற்குரிய செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (நூல்: அபூதாவூத்). பொதுவில் பலர் பயன்பெறும் இடத்தைக் கெடுப்பதே அங்கு கண்டிக்கப்படுவதன் அடிப்படை. கடற்கரையோ நீர்த்துறையும் ஆகும், பலர் நடக்கும் பாதையும் ஆகும், மாலையில் இளைப்பாறும் இடமும் ஆகும்!

கடலில்லா ஊரில் வாழ்வோர் தமக்கு இதில் தொடர்பில்லை என எண்ண வேண்டாம். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பாலாற்றில் வீசப்படும் பை, வெள்ளம் வரும் நாளில் கடலை நோக்கித்தான் புறப்படுகிறது.

துப்புரவு செய்வோர் கவனத்திற்கு

நல்ல நோக்கம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும். எங்கே எந்தச் சமுதாயம் குடியிருக்கிறது என்று பாராமல் கரையைச் சுரண்டினால், நன்மை செய்யப் போன கையாலேயே அநீதி நேர்ந்துவிடும். எனவே பின்வருவனவற்றை மனத்தில் கொள்ளுங்கள்.

1. ஃபஜ்ருக்குப் பின், வெயில் ஏறுவதற்குள், நீர் வற்றியிருக்கும் வேளையில் பணியை வைத்துக்கொள்ளுங்கள். கையுறையும் செருப்பும் கட்டாயம். ஊசி, உடைந்த கண்ணாடி ஆகியவற்றைப் பெரியவர்களே எடுக்க வேண்டும். அவற்றுக்குத் தனி டப்பா வைத்துக்கொள்ளுங்கள்.

2. மனிதன் செய்த பொருளை மட்டும் எடுங்கள். கரை ஒதுங்கிய கடற்பாசி, கடற்புல், சிப்பி, கணவாய் ஓடு ஆகியவை குப்பையல்ல. அந்தப் பாசிக் குவியலின் அடியில் வாழும் சிற்றுயிர்களே உள்ளான்களின் உணவு. சங்கை எடுத்துப் பார்த்தால், உள்ளே குடியிருப்பவர் உண்டா என்று பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

3. மணல்மேட்டில் படர்ந்திருக்கும் அடும்புக் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் களை என்று எண்ணிப் பிடுங்கிவிடாதீர்கள். மணலைப் பிடித்து நிறுத்தி, கரை அரிக்கப்படாமல் காப்பவை அவையே.

4. மணலில் ஆமை ஏறி இறங்கிய தடத்தையோ கூட்டையோ கண்டால் தோண்டாதீர்கள், வனத்துறைக்குத் தெரிவியுங்கள். இறந்த ஆமை, ஆவுளியா, ஓங்கில் ஒதுங்கியிருந்தாலும் அவ்வாறே. உயிருள்ள பிராணி ஒதுங்கியிருந்தால் கூட்டம் கூடிப் படமெடுத்து அதைத் துன்புறுத்த வேண்டாம்.

5. சொறிமீன் கரையில் கிடந்தாலும் கொட்டும். பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

6. மணலில் புதைந்த வலையை இழுத்துப் பிடுங்காமல், கத்தரித்துச் சிறிது சிறிதாக எடுங்கள். அதில் உயிர் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உலரப் போட்டிருக்கும் வலையையோ கயிற்றையோ மீனவரைக் கேளாமல் தொட வேண்டாம். அது அவர்களின் ரிஸ்க்கிற்கான கருவி. கரையையும் அதன் உயிர்களையும் நம் எல்லோரையும்விட நன்கறிந்தவர்கள் அவர்கள். அவர்களை அண்ணன், சாச்சா என்று அழைத்து, பணியில் முன்னிறுத்துங்கள்.

7. சேர்த்த குப்பையை அங்கேயே எரிக்கவோ புதைக்கவோ கூடாது. எரித்தால் நச்சுப் புகை. புதைத்தால் அடுத்த அலையில் மீண்டும் வெளியே வரும். தரம் பிரித்து, எண்ணிக் குறித்து, முன்கூட்டியே பேசி வைத்து உள்ளாட்சிப் பணியாளரிடம் ஒப்படையுங்கள். எது அதிகம் கிடைத்தது என்ற குறிப்பு, எங்கிருந்து அது வருகிறது என்பதைக் காட்டிக் கொடுக்கும்.

இரண்டு ஐயங்கள்

"நான்கு பேர் பொறுக்கினால் கடல் சுத்தமாகிவிடுமா? நாளை மீண்டும் வந்து சேருமே!" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். கையில் ஒரு செடி இருக்கும்போது மறுமை நாள் வந்துவிட்டாலும், முடிந்தால் அதை நட்டுவிடுமாறு பணித்த நபிமொழியை (நூல்: அஹ்மத்) இவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். விளைவு அல்லாஹ்வின் கையில்; செயல் நம் கையில். மேலும், இன்று எடுத்த ஒரு வலைத்துண்டில் இன்றிரவு சிக்கவிருந்த ஒரு குஞ்சு தப்பினால், அந்தக் குஞ்சைப் பொறுத்தவரையில் பாதை முழுவதும் சுத்தமாகிவிட்டது.

"இது நகராட்சியின் வேலையல்லவா?" என்பது அடுத்த ஐயம். ஆம், அவர்களின் கடமையை அவர்கள் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கேட்கும் உரிமை நமக்குண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. அந்தச் சட்டத்தை மீறிப் பையைக் கேட்டு வாங்கும் கை நம்முடையதாக இருந்தால், யாரை நாம் கேள்வி கேட்பது? வீண் விரயம் செய்வோரை அல்லாஹ் நேசிப்பதில்லை என்பது திருமறையின் தீர்ப்பு (அல்குர்ஆன் 7:31). துணிப்பையோடு கடைக்குச் செல்வதும், விருந்தில் எவர்சில்வர் குவளை வைப்பதும், கடற்கரையில் பொறுக்குவதற்கு முன் செய்ய வேண்டிய துப்புரவு.

நிய்யத் கெடாமல் இருக்கட்டும்

செயல்கள் யாவும் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்ற நபிமொழியை அறியாதவர் நம்மில் இல்லை. கடற்கரைத் துப்புரவுக்கென ஃபிளெக்ஸ் பேனர் கட்டி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி கொடுத்து, படமெடுத்து முடிந்ததும் பேனரையும் புட்டிகளையும் அங்கேயே விட்டு வருவோரும் உண்டு. முகஸ்துதி அமலை அரித்துவிடும். இங்கே அது கரையையும் சேர்த்துக் கெடுக்கிறது. விளம்பரம் இன்றி ஒரு குடும்பம் மாதம் ஒருநாள், தாயும் தந்தையும் பிள்ளைகளுமாக, ஒரு சாக்குப்பையோடு நூறு அடி தூரத்தைச் சுத்தம் செய்தால் அதுவே போதும். பிள்ளைக்கு ஒரு நண்டின் வளையைக் காட்டி, இதுவும் அல்லாஹ்வைத் துதிக்கும் ஒரு படைப்பு என்று சொல்லிக் கொடுங்கள். ஏழு வானங்களும் பூமியும் அவற்றிலுள்ளவையும் அவனைத் துதிக்கின்றன, அவற்றின் துதியை நாம் விளங்கிக்கொள்வதில்லை என்ற வசனம் (அல்குர்ஆன் 17:44) அந்தப் பிள்ளையின் நெஞ்சில் ஏட்டுப் படிப்பைவிட ஆழமாகப் பதியும்.

கடலோர ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். பெருநாளுக்கு முந்தைய ஜும்ஆவில் கடற்கரை ஒழுக்கம் பற்றி ஐந்து நிமிடம் பேசச் செய்யுங்கள். பெருநாள் மாலையில் கரையில் குப்பைக்கூடைகளை வைத்து, மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் மஹல்லா இளைஞர்களை ஒரு சுற்று வரச் செய்யுங்கள். குர்பானிக் கழிவைப் புதைக்க ஊரின் ஒதுக்குப்புறத்தில் முன்கூட்டியே குழி வெட்டி வையுங்கள். மக்தப் மதரஸா மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கரைக்கு அழைத்துச் சென்று, ஈமானின் அந்தக் கடைசிக் கிளையைக் கையால் தொட்டுப் படிக்கச் செய்யுங்கள். இவற்றுக்குப் பெரும் செலவில்லை.

மறுமையில் நம் பாதை இருள் சூழ்ந்திருக்கும்போது நமக்கும் வழி தேவைப்படும். இங்கே வாயில்லா ஜீவன்களின் பாதையில் கிடந்த தொல்லையை நீக்கியவருக்கு, அங்கே தொல்லையை நீக்க அல்லாஹ் போதுமானவன். அவனுடைய பூமியில் சீர்கேடு செய்யாதோராக, அவனுடைய படைப்புகள் மீது இரக்கம் உடையோராக, சிறிய நன்மையையும் அற்பமாக எண்ணாதோராக நம்மையும் நம் சந்ததியினரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.